நனையாத தாள்

பழைய சஞ்சிகை ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது விலாசத்தை. அட்டையின் உட்பக்கத்திலோ கடைசிப் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் அது இருக்கும். கதைக்கும் கவிதைக்கும் காலத்தைத் தாண்டி நிற்கும் ஆசை உண்டு. விலாசத்துக்கு அந்த ஆசை கிடையாது. இந்த மாதம், இந்த வீதியில், இந்த மனிதர் இருந்தார், தேடி வந்தால் காணலாம் என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

மல்லிகை என்ற ஈழத்து இலக்கிய சஞ்சிகையின் விலாசம் இடம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு சலூன். பிறகு காங்கேசன்துறை வீதி. கடைசியாக ஸ்ரீ கதிரேசன் வீதி, கொழும்பு 13. ஒரு சாதியின் கதை, ஒரு போரின் கதை, ஒரு மனிதனின் பிடிவாதம் எல்லாம் இந்த மூன்று வரிக்குள் மடித்து வைத்ததுபோல் கிடக்கின்றன.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தக் கடைசி விலாசத்தைத் தேடிப் போனேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, காலி வீதியால் கோட்டை வரை போய், புறக்கோட்டை நெரிசலுக்குள்ளால் நடந்தேன். செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டினால் கொட்டாஞ்சேனைக் காற்று தொடங்கிவிடும்: கற்பூரம், கருவாடு, டீசல். பைக்குள் மல்லிகையின் சில பக்கங்கள் இருந்தன. மூல இதழ் அல்ல. இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்தவை.

வீதியில் நின்றபோதுதான் எனக்கே விளங்கியது, நான் தேடி வந்தது வீட்டை அல்ல என்று. எந்தக் கதவையும் தட்டவில்லை. கக்கத்தில் சஞ்சிகைக் கட்டோடு ஒரு மனிதர் இறங்கி நடந்த வீதி எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருந்தேன். மல்லிகையின் ஆசிரியர் டொமினிக் ஜீவா அதை எழுதியும் தொகுத்தும் அச்சடித்தும் முடித்ததும் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போய்த் தானே விற்றார். யாழ்ப்பாணத்தில் விற்றார், கொழும்பிலும் விற்றார். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டு, பாவம் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கஷ்டத்துக்குள் இன்னொன்று இருப்பதாக எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். அது என்னவென்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

அதைத் தேடத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்க்கைக்குள் தாள் இரண்டு வழியாக வரும். அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய தாள் ஒன்று. அவர்களே எழுதிய, அல்லது அவர்கள் பக்கம் நின்று எழுதிய தாள் மற்றது.

முதலாவது வகைக்கு இலங்கைத் தமிழில் ஒரு சொல் இருந்தது: துண்டு. தோட்டத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கையில் துண்டு இருக்க வேண்டும். அதில் அவன் பெயரும், அவன் பட்ட கடனும் இருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் தோட்டம்தான் அவனை எடுத்துக்கொள்ளும். வாசிக்கத் தெரியாத மனிதன், தன்னைக் கட்டிவைத்த கயிற்றைத் தானே மடியில் முடிந்துகொண்டு நடந்தான். 1921இல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

அதே 1921இல்தான், தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் கொழும்பில் ‘தேசநேசன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1924இல் ‘தேசபக்தன்’. வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் அவர் புடைவை வியாபாரி வேடத்தில் போய்த் தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பார்கள். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, அச்சிட்டு, தோட்டம் தோட்டமாகப் பாடினார். வாசிக்கத் தெரிந்தவருக்குப் பத்திரிகை, தெரியாதவருக்குப் பாட்டு.

தமிழ் சில நேரம் நமக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். கட்டிவைத்த தாளும் துண்டு. கட்டவிழ்க்க வந்த தாளும் துண்டுப் பிரசுரம். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே மை. ஒன்றை எழுதியவன் கணக்கு வைத்தவன். மற்றதை எழுதியவன் கணக்கைக் கேட்டவன்.

இதற்கு ஈடான ஒன்று அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே அடிமை, பண்ணையை விட்டு வெளியே நடமாட எசமான் எழுதிய அனுமதிச் சீட்டு வேண்டும். 1836இல் மேரிலாண்டில் பிரெடெரிக் டக்ளஸ் என்ற இளைஞர் ஒரு காரியம் செய்தார். களவாக எழுத்துக் கற்றிருந்த அவர், எசமான் எழுதியதுபோல் தனக்கும் தோழர்களுக்கும் சீட்டு எழுதினார். தப்பிப்போகும் முன்னரே திட்டம் அம்பலமாகிவிட்டது. பிடித்து இழுத்துப் போகும் வழியில், சீட்டை என்ன செய்வது என்று தோழன் கேட்டான். கையிலுள்ள ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடு என்றார் டக்ளஸ். தன்னுடையதை அதற்கு முன்பே அடுப்பில் போட்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் தப்பினார். 1847இல் ரொச்செஸ்டர் நகரில் ‘நோர்த் ஸ்டார்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். துண்டை எழுதிய அதே கைதான் பிரசுரத்தையும் எழுதியது.

டக்ளஸின் பத்திரிகையை நூலகங்கள் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. அவர் எழுதிய முதல் விடுதலைப் பிரசுரமோ ஒரு மனிதனின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆவணக் காப்பகம் என்று எதைச் சொல்கிறோமோ, அது தின்னப்படாமல் தப்பியவற்றின் தொகுப்பு.

*

ஜீவா 1927இல் யாழ்ப்பாணத்தில், முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் சாதித் தொழிலைச் சொல்லி அவமதித்ததும், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும் பலரும் அறிந்த செய்தி. சலூனில் வேலை செய்தார். அங்கேயே வாசித்தார். தமிழ்நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட ஈடுபாட்டால் தன் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். 1960இல் வந்த அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஓகஸ்ட் 15இல் மல்லிகை பிறந்தது.

அந்தக் காலத்துக் கிராமத்தை அறிந்தவர்களுக்கு முடிவெட்டும் காட்சி நினைவிருக்கும். கொல்லைப்புறத்தில், முருங்கை மரத்தின் கீழ் ஒரு பலகை. வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுப்பார். கத்தி தொண்டைக்குழியில் ஓடும். வேலை முடிந்ததும், அதே கத்திக்காரர் விறாந்தையில் ஏற முடியாது. கழுத்தை ஒப்படைப்பார்கள், வாசலை ஒப்படைக்க மாட்டார்கள். தீண்டாமை என்ற சொல் இதற்குப் பொருந்தவே பொருந்தாது. தீண்டல் இருந்தது. யார் யாரை, எப்போது, எந்த இடத்தில் தீண்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது.

சலூன் அதைச் சற்றே திருப்பிப் போட்டது. முன்பு அழைத்த வீட்டுக்குக் கத்திக்காரர் போக வேண்டும். இப்போது இவர் இருக்கும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டும். வந்தவர்கள் வாங்கில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குப் பத்திரிகை. கதிரையில் தலையைக் குனிந்திருப்பவரோடு அரசியல், வாங்கில் இருப்பவரோடு இலக்கியம். இப்படி ஓர் இடத்திலிருந்து ஒரு சஞ்சிகை முளைத்தது என்பதைச் சிலர் அதிசயமாகச் சொல்கிறார்கள். வேறு எங்கிருந்து அது முளைத்திருக்க முடியும் என்று நான் கேட்பேன்.

மல்லிகைக்கு இரண்டு மாதம் ஆனபோது, 1966 ஒக்டோபர் 21இல், தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. ஊர்வலம் நிற்கவில்லை. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறக்கவில்லை. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் போராட்டம். 1972இல் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல். பொதுவுடைமைக் கட்சி மொஸ்கோ, பீக்கிங் என்று பிளந்திருந்த காலம் அது. டானியல் ஒரு பக்கம், ஜீவா மறுபக்கம். அந்தச் சண்டைகளையும் அச்சுத்தாள்தான் சுமந்தது.

மல்லிகை ஓர் இயக்கத்தின் ஏடு அல்ல, இலக்கிய சஞ்சிகை. அதன் அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்களின் முகங்கள் வந்தன. எல்லாச் சாதியினரும், முஸ்லிம்களும், மலையகத்தவரும், சிங்களக் கதைகளை மொழிபெயர்த்தவர்களும் எழுதினார்கள். போர் அதைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தது. 2012இல் நிற்கும்வரை 46 ஆண்டுகளில் 400 இதழ்களைத் தாண்டிவிட்டது. 2021 ஜனவரியில் ஜீவா கொழும்பில் காலமானார். ஆலயப் பிரவேசம் செய்தவர்கள் கோயிலுக்குள் போனார்கள். ஜீவா வீடுகளுக்குள் போனார், அச்சுத்தாள்களாக.

*

நியூயோர்க்கில் ஆர்தர் ஷொம்பேர்க் என்று ஒருவர் இருந்தார். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். சிறுவனாக ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கறுப்பின மக்களுக்கு வரலாறே கிடையாது என்று ஆசிரியர் சொன்னதாகவும், அந்த ஒரு வசனத்துக்குப் பதில் சொல்லவே அவர் ஆயுள் முழுவதும் நூல்களையும் பிரசுரங்களையும் தேடிச் சேர்த்ததாகவும் சொல்வார்கள். வங்கியில் வேலை, சம்பளம் புத்தகத்துக்கு. 1926இல் நியூயோர்க் பொது நூலகம் 10,000 டொலருக்கு அந்தத் தொகுப்பை வாங்கியது. ஹார்லெமில் இன்றும் அவர் பெயரில் அது இருக்கிறது. அங்கே ஒரு ஐந்தாம் வகுப்பு, இங்கே ஒரு ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர்கள் தாங்கள் கற்பிப்பதாக நினைக்காத பாடங்களைத்தான் மிக நன்றாகக் கற்பிக்கிறார்கள்.

1967இல் ‘பிளாக் பாந்தர்’ பத்திரிகை கலிஃபோர்னியாவில் தொடங்கியது. விலை 25 சதம். இளைஞர்களும் யுவதிகளும் தெருமுனையில் நின்று கையில் ஏந்தி விற்றார்கள். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குத் தலித் பாந்தர் என்று பெயர் வைத்தபோது, அந்தத் தெருமுனைக் குரலின் எதிரொலி நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் பத்திரிகையை முடக்க அமெரிக்க உளவுத்துறையான எப்.பி.ஐ. பல வழிகளை யோசித்தது. 1976இல் வெளிவந்த செனட் விசாரணைக் குழுவின் அறிக்கையில் அவை இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அச்சிடும் இடத்தில் மலநாற்றம் வீசும் இரசாயனம் ஒன்றைத் தெளிக்கலாம் என்று ஒரு கிளை அலுவலகம் யோசனை எழுதி அனுப்பியிருந்தது.

தடைசெய்ய, வழக்குப் போட, அச்சகத்தை மூட அவர்களுக்குச் சட்டம் தெரியும். அப்படியிருக்க, யாரோ ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து, இந்தத் தாளை யாரும் தொடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சிந்தித்திருக்கிறார். அவருக்கு யாழ்ப்பாணம் தெரியாது, மாவிட்டபுரம் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊரின் மிகப் பழைய தந்திரம் அவர் மூளையிலும் உதித்திருக்கிறது. தாள் பரவுவது கருத்தால் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பரவுவது கையால் என்பது, அதை ஒழிக்க நினைப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

கொட்டாஞ்சேனை வீதியில் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததற்கு இங்கே ஒரு நுனி கிடைத்தது.

*

மற்ற நுனி வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தது.

நான் மாமா என்று அழைக்கும் ஒருவர் நாலாம் மாடியில் இருக்கிறார். வயது எண்பதை எட்டுகிறது. இரத்த உறவல்ல. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்தவர். இளமையில் இடதுசாரிக் கூட்டங்களுக்குப் போனவர். அவருடைய வாசிப்பு மேசையிலிருந்து பார்த்தால் மரைன் டிரைவும், அதற்கப்பால் கடலும் தெரியும். கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்த கதையைச் சொன்னேன். அந்தக் காலத்துப் பிரசுரங்கள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா மாமா என்று கேட்டேன்.

“வைச்சிருந்தனான் தம்பி. ஒரு றங்குப்பெட்டி நிறைய. கரைச்சுப் போட்டன்.”

“எரிச்சனீங்களோ?”

“எரிச்சா புகை வரும். புகை வந்தா பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாப்பான். வாளியில தண்ணி விட்டு ஊறப் போட்டனாங்கள். ரண்டு ராத்திரி. பேந்து பிசைஞ்சு, கூழாக்கி, கக்கூசுக்குள்ள ஊத்தினது.”

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதன் 97,000 நூல்களும் சாம்பல். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அந்த நாட்களை மறக்கவில்லை. அதற்குப் பின் தேடுதல், சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு. கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் என்ன அச்சுத்தாள் இருக்கிறது என்பது, அந்த வீட்டுப் பிள்ளை இரவில் வீட்டில் படுப்பானா மறியலில் படுப்பானா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய காலமாகிவிட்டது. மாமாவின் வாளி ஒரு வாளி அல்ல. வெள்ளவத்தையின் எத்தனை ஒழுங்கைகளில் எத்தனை வாளிகளில் எத்தனை ஊர்வலங்கள் கரைந்தனவோ. டக்ளஸின் தோழன் தின்ற ரொட்டி எனக்கு நினைவுக்கு வந்தது.

நூலகத்தை எரித்ததைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம், பாடியிருக்கிறோம், எழுதவும் வேண்டும். வாளியைப் பற்றி எழுதவில்லை. அதில் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. இன்னொன்றைப் பற்றிப் பேசவே இல்லை. அதில் வெட்கம் கூடுதல். தீயும் தண்ணீரும் தேவையில்லாமலே அழிந்துபோன தாள்கள் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியார் அச்சிட்ட அறிக்கை, தேநீர்க் கடைப் போராட்டத்தின் நோட்டீஸ், தோட்டச் சங்கத்தின் சந்தா ரசீது, இவை எல்லாம் நூல்களா என்ன, சேர்த்துவைக்க என்று அலுமாரிக்குப் பொறுப்பானவர்கள் நினைத்தார்கள். எரித்தவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நாம் எல்லோரும் இருக்கிறோம். சேர்க்காமல் விட்டவர்களுக்கு எதிராக யார் சாட்சி சொல்வது? அங்கேயும் நாம்தான் இருந்தோம்.

“எல்லாத்தையும் கரைச்சுப் போட்டீங்களோ மாமா?”

அவர் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய், படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்தார். உள்ளே ஒரே ஒரு மல்லிகை. ஆரம்ப காலத்து இதழ். கம்பி துருப்பிடித்துத் தாளில் செம்மண் நிறத்தில் இரண்டு கோடு. மற்றபடி முழுசாக இருந்தது.

“இதை மட்டும் ஏன்?”

“அது வேற கதை.”

*

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய முயற்சி ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் ஆயிரக்கணக்கில் மின்வருடி, காசில்லாமல் வாசிக்கக் கொடுக்கிறது. மல்லிகையை நான் வாசித்ததும் அங்கேதான். அந்தப் பக்கங்களில் அச்சுக்குப் பிறகு ஏறிய வாழ்க்கையும் தெரியும். யாரோ ஒரு வாசிகசாலையின் முத்திரை. ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்து. ஒரு கவிதையின் பக்கத்தில் பென்சிலால் போட்ட கேள்விக்குறி. தண்ணீர்க்கறை, கறையான் தின்ற ஓரம். ஆவணம் என்றால் எனக்கு இவைதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்: தாளில் விழுந்த தடயங்கள். மாமா சொன்ன கதை அதை மாற்றிவிட்டது.

“எங்கட ஊருக்கு முடிவெட்ட வாறவரின்ர மகன் ஒருத்தன் ரவுண் சலூன் ஒண்டில வேலை செய்தவன். என்ர வயசுதான். மாசா மாசம் நாலைஞ்சு மல்லிகை கொண்டுவந்து ஊருக்குள்ள விப்பான். நான் அப்பவே கூட்டங்களுக்குப் போறனான், சமத்துவம் கதைக்கிறனான். ஆனா முதல் தரம் அவன் புத்தகத்தை நீட்டேக்க, எனக்கு வாயில வந்தது என்ன தெரியுமோ? அந்த மதில்ல வை எண்டு சொன்னன். காசையும் மதில்லதான் வைச்சன். ஐயா விறாந்தையில இருந்து பாத்துக்கொண்டிருந்தவர்.”

“மல்லிகை கொண்டுவந்தவர் என்ன செய்தவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. வைச்சிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த மாசமும் அப்பிடித்தான். மூண்டாவது மாசம் ஐப்பசி மழை. குடையும் இல்லை. சட்டைக்குள்ள புத்தகத்தை வைச்சுக்கொண்டு வந்தவன். வெளியில எடுத்து மதிலைப் பாத்தான், என்னைப் பாத்தான். மதிலெல்லாம் தண்ணி ஓடுது.”

மாமா நிறுத்தினார்.

“நான் கையை நீட்டினன் தம்பி.”

ஐயா என்ன சொன்னார் என்று கேட்டேன். அன்றைக்கு இரவு சாப்பாட்டின்போது கத்தினாராம். அதற்குப் பிறகு மதில் தேவைப்படவில்லையாம். “நான் திருந்தி நீட்டினன் எண்டு நினையாத. அப்பிடி ஒண்டுமில்லை. புத்தகம் நனையப் போகுது எண்டு நீட்டினன்.”

அந்த வசனத்தை நான் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். சமத்துவம் பற்றி மாமா அதற்கு முன்பே நிறைய வாசித்திருந்தார். வாசித்தது கைக்கு வரவில்லை. கூட்டங்கள் தலையை மாற்றியிருந்தன. கை மட்டும் ஐயாவின் கையாகவே இருந்தது. மாற்றியது ஒரு பொருள். மழையில் வைக்க முடியாத, கீழே போட முடியாத, ஒருவர் நீட்டினால் மற்றவர் வாங்கியே ஆகவேண்டிய ஒரு பொருள். அச்சிட்ட கருத்து முக்கியம்தான். ஆனால் அது தாளில் இருந்ததனால், கொடுக்கவும் வாங்கவும் இரண்டு கை வேண்டியிருந்தது. ஜீவா தானே நடந்து விற்றதற்குள் நான் தேடியது இதைத்தான். பதிப்பகத்தாரும் கடைக்காரரும் நடுவில் நின்றிருந்தால் வாசகர் மல்லிகையின் கருத்தை மட்டும் வாங்கியிருப்பார். அவர் நேரில் வந்து நீட்டியதனால், எந்தக் கையிலிருந்து வாங்குகிறோம் என்பதையும் சேர்த்து வாங்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தக் கேள்வியைக் கேட்டது. ஆம் என்றவர்களும் இருந்தார்கள், மதிலில் வை என்றவர்களும் இருந்தார்கள்.

விடுதலை இயக்கங்களின் பழைய ஏடுகளை நாம் பேசியவர்களின் ஆவணமாகவே பார்க்கிறோம். ஆசிரியர் யார், தலையங்கம் என்ன, தடை எப்போது. அவற்றின் மறுபாதி வாங்கியவர்களின் கையில் இருக்கிறது. ஒரு மனிதன் தலை நிமிர்ந்து ஒன்றை நீட்டுவது விடுதலையின் தொடக்கம். எதிரில் நிற்பவனின் கை அசைவதில்தான் அது நிறைவேறும். அந்த அசைவுக்கு முத்திரை கிடையாது, பட்டியல் எண் கிடையாது. வாங்கும் கை சுத்த மனத்தோடு வரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. புத்தகம் நனைந்துவிடும் என்ற சாட்டு போதும். நீட்டியபின் கை பழையபடி மடங்குவதில்லை.

மாமாவின் அனுமதியோடு அந்த இதழை மின்வருடக் கொண்டுபோக இருக்கிறேன். அதற்கு முன் ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கம்பித் துரு உண்டு. மடிப்பு உண்டு. ஓரங்களையும் அட்டையையும் திருப்பித் திருப்பித் தேடினேன். ஐப்பசி மழையில் வந்த அந்தத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர்க்கறைகூட இல்லை.

அந்த இதழில் நான் கண்ட ஆவணம் அதுதான்.